அழைத்துப் போகாமல் விட்ட நண்பனுக்கு 44 நிமிடம்

இங்கிலாந்தின் ராக் இசைக்குழு பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தை ஷஃபிளில், அதாவது பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்டிருந்தால் நீங்கள் அதை இன்னும் கேட்கவில்லை என்றுதான் சொல்வேன். தலைப்புப் பாட்டை மட்டும் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கிடார் பழக ஆரம்பித்த பலரும் சீக்கிரமே வாசித்துப் பார்க்கிற பாட்டு அது, தனியாகக் கேட்டாலும் இதமாகத்தான் இருக்கும், ஆனால் ஆல்பத்தில் அது நான்காவதாக, தனக்கு முன்னால் 26 நிமிட இசை ஓடி முடிந்த பிறகு வருகிறது, அந்த இடத்தில் கேட்கும்போது அது வேறு பாட்டு. அதனால் நான் இங்கே எழுதப்போவதில் பெரும்பகுதி அந்த வரிசையைப் பற்றித்தான்.

ஆல்பம் வந்தது 1975 செப்டம்பரில். மொத்தம் 44 நிமிடம், ஐந்தே ட்ராக். முதலும் கடைசியும் ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ என்ற ஒரே பாட்டின் இரண்டு துண்டுகள். ஒன்பது பகுதி கொண்ட பாட்டு, ஐந்து பகுதி முன்னால், நான்கு பகுதி பின்னால். நடுவில் ‘வெல்கம் டு த மெஷின்’, ‘ஹாவ் எ சிகார்’, அப்புறம் தலைப்புப் பாட்டு. ஒரு நண்பனைக் கூப்பிட ஆரம்பிக்கிறார்கள், இசைத் தொழில் குறுக்கே வந்து நிற்கிறது, அதைத் தாண்டி மறுபடி நண்பனிடம் போகிறார்கள். ஒரே கருவைச் சுற்றி அமைந்த கான்செப்ட் ஆல்பம் என்றதும் பெயர் வைத்த கதாபாத்திரங்களையும் திருப்பங்களையும் எதிர்பார்க்க வேண்டாம், இதில் கதை என்று இருப்பது இவ்வளவுதான்.

அந்த நண்பன் சிட் பாரெட். பிங்க் ஃபிளாய்டுக்கு அந்தப் பெயரை வைத்தவர், ஆரம்ப காலத்தில் பாடகர், கிடார் வாசித்தவர், 1967இல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர். அதே வருடத்தின் கடைசியில் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளும் மனநிலைச் சரிவும் சேர்ந்து அவரை மேடையில் வாசிக்க முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விட்டன. கேம்பிரிட்ஜில் சிறு வயதிலிருந்தே அவருக்குத் தெரிந்த டேவிட் கில்மோரைக் கூடுதல் கிடாரிஸ்டாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1968 ஜனவரியில் சவுத்தாம்ப்டனில் ஒரு கச்சேரி. போகிற வழியில் சிட்டை ஏற்றிக்கொள்ளலாமா என்று காரில் ஒருவர் கேட்க, வேண்டாம் விடு என்று இன்னொருவர் சொல்ல, வண்டி அப்படியே போய்விட்டது. சண்டை, கடிதம், கூட்டம் எதுவும் இல்லை. அன்று ஏற்றிக்கொள்ளவில்லை, பிறகும் ஏற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஏப்ரலில்தான் அவர் விலகியதாக அறிவித்தார்கள்.

இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இதை ‘இழந்த நண்பனுக்கு அஞ்சலி’ என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது எனக்குப் போதவில்லை. இழந்தவர்கள் பாடுவது ஒரு மாதிரி இருக்கும், விட்டுவிட்டுப் போனவர்கள் பாடுவது இன்னொரு மாதிரி இருக்கும், இது இரண்டாவது. அவர்கள் அவரை அடியோடு கைகழுவவும் இல்லை. 1970இல் சிட் தனியாகப் போட்ட இரண்டு ஆல்பங்களிலும் கில்மோர் தயாரிப்பில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றில் குழுவின் பாஸ் கிடாரிஸ்ட் ரோஜர் வாட்டர்ஸ், மற்றதில் கீபோர்ட் வாசிக்கும் ரிச்சர்ட் ரைட் கூட இருந்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கார் நிற்காமல் போனது போனதுதான். ஏழு வருடம் கழித்து அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்களுக்கு நேராகப் பேச வாய் வரவில்லை என்பதை முதல் எட்டரை நிமிடத்திலேயே கேட்கலாம்.

ஆம், எட்டரை நிமிடம். முதல் பாட்டில் மனிதக் குரல் வருவதற்கு அவ்வளவு நேரம் ஆகிறது. முதல் தடவை கேட்டபோது நான் பொறுமை இழந்து பாதியில் எழுந்து போனேன், இன்றைக்கு ஆல்பத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். ஜி மைனரில் ஒரு நீண்ட ஒலி மெல்ல மேலே வருகிறது. அதற்குள் கண்ணாடிக் குவளையின் விளிம்பை ஈர விரலால் தேய்க்கும்போது எழுகிற ரீங்காரம் கலந்திருக்கிறது. அதற்கு ஒரு பின்கதை உண்டு: 1973இல் அவர்களின் முந்தைய ஆல்பமான ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்த பிறகு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், வாத்தியமே இல்லாமல் வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் செய்யலாம் என்று ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டி பாஸ் மாதிரி சத்தம் வரவைப்பதில் வாரக்கணக்காக நேரம் செலவழித்து, கடைசியில் கைவிட்டார்கள். அந்த முயற்சியில் மிஞ்சியது இந்தக் குவளைச் சத்தம்தான். கைவிட்ட ஒன்றிலிருந்து எடுத்து, கைவிடப்பட்டவரைப் பற்றிய பாட்டின் வாசலில் வைத்திருக்கிறார்கள்.

அதன் மேல் ரைட்டின் சிந்தசைசர் ஒரு கொம்பு வாத்தியத்தைப் போல ஊதுகிறது, கில்மோரின் கிடார் அவசரமே இல்லாமல் பேசுகிறது, எல்லாம் அடங்குகிறது. கிட்டத்தட்ட நான்காவது நிமிடத்தில் அந்த நான்கு சுரம்.

பி ஃபிளாட், எஃப், ஜி, ஈ. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் ஜி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு பாடிப் பாருங்கள்: க, நி, ஸ, த. ஜி மைனரில் காது எதிர்பார்ப்பது சுத்த தைவதம். வந்து விழுவதோ சதுச்ருதி தைவதம். நடபைரவி என்று நினைத்து உட்கார்ந்திருந்த காதுக்கு ஒரு கணம் கரகரப்பிரியாவின் வாடை அடிக்கிறது, அதிலும் அந்த தைவதத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஸ-வுக்குத் திரும்பாமல், அப்படியே தொங்கவிட்டுவிடுகிறார் கில்மோர். (இது ராகம் என்று சொல்ல வரவில்லை, அந்த உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று காட்டத்தான் சொல்கிறேன்.) கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி அதே நான்கு. மறுபடி அமைதி. கதவைத் தட்டிவிட்டு உள்ளே ஆள் அரவம் கேட்கிறதா என்று காத்திருப்பவரின் தாளம் இது. 1974 தொடக்கத்தில் லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கம் ஒரு ஒத்திகை அறையில் கில்மோர் விரல் போன போக்கில் வாசித்தது இது, கேட்டுக்கொண்டிருந்த வாட்டர்ஸுக்கு சிட்டின் நினைவு வந்து, அங்கிருந்து பாட்டு வளர்ந்தது. வரிகளையும் வாட்டர்ஸே பாடுகிறார். அவர் கில்மோர் மாதிரி பாடகர் இல்லை, மேல் ஸ்தாயியில் குரல் கஷ்டப்படுகிறது, இந்தப் பாட்டுக்கு அந்தக் கஷ்டம் தேவையாகத்தான் இருக்கிறது.

இப்போது வரிசைக்கு வருகிறேன். இந்தப் பாட்டை 1974இல் மேடையில் ஒரே மூச்சாக வாசித்தார்கள், கூடவே வேறு இரண்டு நீண்ட பாட்டுகளும் தயாராக இருந்தன. 1975 ஜனவரியில் லண்டனின் அபே ரோட் ஸ்டூடியோவுக்குள் போனபோது இந்த மூன்றையும் அப்படியே பதிவு செய்து ஆல்பமாக்குவதுதான் சுலபமான வழி, கில்மோரும் அதைத்தான் விரும்பினார். ஆனால் வேலை ஓடவில்லை. வருவார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள், போய்விடுவார்கள். நினைத்ததெல்லாம் கிடைத்துவிட்டது, இனி எதற்காக வாசிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசனின் குடும்ப வாழ்க்கை முறிந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, பாஸும் டிரம்ஸும் மணிக்கணக்காக உட்கார்ந்து முடித்த பதிவின் மேல் தவறுதலாக எக்கோ ஏறி, அதை எடுக்கவே முடியாமல் முழுதையும் மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. உடம்பு அறைக்குள், மனசு வேறெங்கோ.

வாட்டர்ஸ் செய்தது என்னவென்றால், அந்த நிலைமையை மறைக்காமல் அதையே ஆல்பத்தின் பொருளாக்கலாம் என்றார். தயாராக இருந்த மற்ற இரண்டு பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, சிட் பாட்டை இரண்டாக வெட்டி, நடுவில் புதிதாக எழுதுவோம் என்றார். கில்மோர் ஒப்பவில்லை, மற்றவர்கள் வாட்டர்ஸ் பக்கம் நின்றார்கள். ஒதுக்கிய இரண்டும் 1977இல் ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தில் ‘டாக்ஸ்’, ‘ஷீப்’ என்று உருமாறி வந்தன. இந்த விஷயத்தில் நான் முழுக்க வாட்டர்ஸ் கட்சி. வெட்டாமல் விட்டிருந்தால் நல்ல நீண்ட பாட்டுகள் மூன்று கிடைத்திருக்கும், இந்த ஆல்பம் கிடைத்திருக்காது.

அந்த வெட்டின் பலனை உடனே கேட்கலாம். முதல் பாதி டிக் பாரியின் சாக்ஸபோனோடு வேகம் பிடித்து மெல்லத் தேய்ந்து போகிறது, அந்த இடத்தில் ஒரு இயந்திரம் உறுமிக்கொண்டு திறக்கிறது. ‘வெல்கம் டு த மெஷின்’ பாட்டை ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ஹெட்போனில் கேளுங்கள். வி.சி.எஸ்.3 என்ற சிந்தசைசரின் துடிப்பு இதயம் மாதிரியும் இருக்கிறது, ஃபேக்டரி மாதிரியும் இருக்கிறது, அதற்குள் ஒரு அக்கூஸ்டிக் கிடார் மட்டும் மனிதனாகத் திணறுகிறது. வா மகனே, எங்கே போயிருந்தாய், பரவாயில்லை, எங்களுக்குத் தெரியும் என்கிறது இயந்திரம். நீ கண்ட கனவைக்கூட நாங்கள்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்கிறது. கடைசியில் ஒரு லிஃப்ட் ஏறுகிற சத்தம், கதவு திறந்தால் விருந்துக் கும்பலின் பேச்சும் சிரிப்பும். சிட் போன பாதை அது, அவரை விட்டுவிட்டு வந்தவர்கள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிற லிஃப்டும் அதுதான்.

‘ஹாவ் எ சிகார்’ பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாடகர்களின் தோளில் கைபோட்டுப் பேசும் ஒரு கம்பெனிக்காரரின் குரல், பாஸும் கிடாரும் நன்றாக ஆடுகின்றன, ஆனால் ஆல்பத்தில் எனக்குக் கொஞ்சம் தட்டையாகப் படுகிற ஒரே பாட்டு இது, முதல் சரணத்திலேயே விஷயம் புரிந்துவிடுகிறது. பாடியிருப்பது பக்கத்து ஸ்டூடியோவில் தன் சொந்த ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த பாடகர் ராய் ஹார்ப்பர். வாட்டர்ஸின் குரல் ஒத்துழைக்கவில்லை, கில்மோர் மறுத்துவிட்டார். தன் பாட்டைத் தானே பாடியிருக்கலாம் என்று வாட்டர்ஸ் பிறகு வருத்தப்பட்டார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. பிங்க் ஃபிளாய்ட் ஆல்பத்தில் பிங்க் ஃபிளாய்டிலேயே இல்லாத ஒருவர் வந்து கம்பெனிக்காரராகப் பேசுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பாட்டு முடிகிற விதம்! கிடார் சோலோ உச்சத்தில் இருக்கும்போது மொத்த பேண்டும் ஒரு சிறிய ரேடியோவுக்குள் உறிஞ்சப்பட்ட மாதிரி சட்டென்று ஒல்லியாகிவிடுகிறது. யாரோ ஸ்டேஷன் மாற்றுகிறார்கள். பேச்சுக் குரல்கள், சாய்கோவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனியில் ஒரு துணுக்கு, அப்புறம் கரகரப்புக்கு நடுவே தூரத்தில் ஒரு பன்னிரண்டு தந்திக் கிடார். இந்த ரேடியோச் சத்தங்களைக் கில்மோரின் கார் ரேடியோவிலிருந்துதான் பதிவு செய்தார்கள். பிறகு நம் பக்கத்திலேயே ஒருவர் இருமுகிறார், மூச்சு இழுக்கிறார், தன் கிடாரை எடுத்து ரேடியோவில் வருவதோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பிக்கிறார். ஒரு கிடார் மெலிந்து தூரத்தில், ஒரு கிடார் தெளிவாக அறைக்குள். இரண்டும் சேர்ந்து வாசிக்கின்றன, ஆனால் ரேடியோவில் இருப்பவருக்கு இந்த அறையில் ஒருவர் தன்னோடு வாசிப்பது தெரியவே தெரியாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், ‘நீ இங்கே இருந்திருந்தால்’ என்ற வரி பாட்டில் வருவதற்கு முன்பே அந்த இரண்டு கிடார்களும் அதைச் சொல்லி முடித்துவிடுகின்றன. ஷஃபிளில் கேட்பவர்களுக்கு அது வெறும் இன்ட்ரோ. அப்புறம் வரிகள். போரில் சின்ன வேஷம் கிடைத்தும் அதை விட்டுவிட்டு, கூண்டுக்குள் பெரிய வேஷம் வாங்கிக்கொண்டாயா என்று ஒரு கேள்வி வருகிறது. இது சிட்டைக் கேட்கிற கேள்வி இல்லை. சிட் எந்தக் கூண்டிலும் பெரிய வேஷம் கட்டவில்லை, வெளியே போய்விட்டார். கேட்கிறவர்கள்தான் கட்டினார்கள். பாட்டை எழுதிய வாட்டர்ஸே இந்த வரிகளைத் தன்னை நோக்கி எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கில்மோர் பாடுகிறார். சிட்டின் இடத்தில் வந்து நின்றவர் என்பதால், இந்தக் கேள்வியைக் கேட்க அவரைவிடப் பொருத்தமான குரல் இல்லை.

பாட்டின் முடிவில் காற்று வீசுகிறது. அந்தக் காற்றுக்குள் ஒரு வயலின் இருக்கிறது: ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லி அப்போது அபே ரோடில் வேறு பதிவுக்காக வந்திருந்தார், கூப்பிட்டு வாசிக்க வைத்தார்கள், பிறகு காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைத்துவிட்டார்கள், உறையிலும் பெயர் போடவில்லை. இல்லாமல் போனவரைப் பற்றிய ஆல்பத்தில் இன்னொரு இல்லாதவர்.

சிட் ஸ்டூடியோவுக்கு வந்த கதையைச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நானும் விட முடியாது. 1975 ஜூனில், ‘ஷைன் ஆன்’ பாட்டின் மிக்ஸிங் நடந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த, பருத்த ஒரு மனிதர் அபே ரோட் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். யாருடைய விருந்தாளியோ என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். சிட் என்று தெரிய வெகுநேரம் ஆனது. அவருக்கு அப்போது 29 வயது. தன்னைப் பற்றிய பாட்டு ஓடும் அறையில் உட்கார்ந்திருந்தவரை அந்தப் பாட்டை எழுதியவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் அவரைப் பார்த்த பிறகு மனசு உடைந்து எழுதிய பாட்டு என்று நிறையப் பேர் சொல்வது தவறு, பாட்டு அதற்கு ஒரு வருடம் முன்பே மேடை ஏறிவிட்டது. எழுதி, பாடி, பதிவு செய்து எல்லாம் முடிகிற நேரத்தில்தான் அவர் வந்தார். அவர்கள் நாட்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது சில வருடங்களுக்கு முன்னாலிருந்த ஒரு இளைஞனை. வந்து நின்றது வேறொருவர்.

உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இசைத்தட்டாக வாங்குகிறவர்களுக்கு அது பொருளின் பாதி. ஆல்பம் உறைகளை வடிவமைக்கும் ஹிப்னாசிஸ் குழுவின் வேலை. ஹாலிவுட் ஸ்டூடியோ வளாகத்தில் இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள், ஒருவர் எரிந்துகொண்டிருக்கிறார். தந்திரப் படம் இல்லை, ஸ்டண்ட் கலைஞர் ரோனி ராண்டெல் தீ தாங்கும் உடைக்கு மேல் கோட்டு சூட்டு போட்டு நிஜமாகவே கொளுத்திக்கொண்டார், காற்று திசை மாறி அவர் மீசை கருகியது. சூடுபட்டவன் என்று நாம் ஏமாந்தவனைச் சொல்வோமே, ஆங்கிலத்திலும் அப்படித்தான், கைகுலுக்கலில் சூடு பட்டவன். அந்த முழுப் படத்தையும் கறுப்பு பிளாஸ்டிக் உறைக்குள் மறைத்து, மேலே இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கிக்கொள்ளும் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டி விற்றார்கள். உள்ளே இருக்கும் அஞ்சலட்டையில் கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் ஒருவர் தலைகீழாகப் பாய்ந்திருக்கிறார், தண்ணீரில் ஒரு சிற்றலைகூட இல்லை. நான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்த படம் எரியும் மனிதன் இல்லை, இதுதான்.

எதை வாங்குவது? எந்தப் பதிப்பானாலும் 44 நிமிடம் இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும், அதுதான் முதல் நிபந்தனை. நீங்கள் கேட்கும் ஆப்பில் ட்ராக்குகளுக்கு நடுவே ஒரு நொடி மௌனம் விழுந்தால் ரேடியோ, காற்று எல்லாம் பாழ், செட்டிங்ஸில் அதைச் சரிசெய்துவிட்டு ஆரம்பியுங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 2011இல் வந்த ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற இரண்டு சி.டி. பதிப்பைத் தேடிப் பாருங்கள். இரண்டாவது சி.டி.யில் கிராப்பெல்லியின் வயலின் முழுசாகக் கேட்கிற தலைப்புப் பாட்டு இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை ஏன் எடுத்தார்கள் என்பதும் கேட்டவுடன் புரிகிறது, அந்த வயலின் வந்துவிட்டால் அறையில் துணைக்கு ஆள் வந்துவிடுகிறது. குவளைச் சத்தம் தனியாக இருக்கிறது. முக்கியமாக, 1974இல் வெம்ப்ளி மேடையில் வெட்டாமல் வாசித்த ‘ஷைன் ஆன்’ சுமார் 20 நிமிடத்துக்கு இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு ஆல்பத்துக்குத் திரும்பினால், மேடையில் பாடும் பகுதிகள் இரண்டும் ஒரே ஓட்டத்தில் வந்துவிடுவதையும், ஆல்பத்தில் இரண்டாவதற்குள் நாம் அந்த இயந்திரத்தையும் விருந்தையும் கடந்து வந்திருப்பதையும் கவனிக்கலாம்.

குறை என்று சொன்னால், இரண்டாம் பாதியில் எட்டாவது பகுதி. கில்மோரும் ரைட்டும் ஃபங்க் தாளத்தில் மெதுவாக வளைய வருகிறார்கள், மூன்று நிமிடத்துக்கு ஆல்பம் எங்கே போகிறது என்பதே மறந்துவிடுகிறது. அன்றைக்கு ஸ்டூடியோவில் இருந்த மந்தம் கொஞ்சம் ஒலிநாடாவிலும் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வரும் ஒன்பதாம் பகுதி ரிச்சர்ட் ரைட் தனியாக எழுதியது. வாட்டர்ஸின் வரி கிடையாது, கில்மோரின் சோலோ கிடையாது. ஊர்வலம் மாதிரி தளர்ந்து நடக்கிற டிரம்ஸ், அதன் மேல் கீபோர்ட் மட்டும். இந்த இடத்தில் கவனம் கலைய விடாதீர்கள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், ஏனென்றால் ஒலி தேய்ந்து போகிற கடைசி நொடிகளில் ரைட் சிந்தசைசரில் ஒரு பழைய மெட்டின் துணுக்கை மிக மெல்ல வாசிக்கிறார். 1967இல் சிட் எழுதிப் பாடிய ‘சீ எமிலி பிளே’. அது முடிந்து, மைனரைச் சுற்றியே வந்த இந்தப் பாட்டு ஜி மேஜரில் போய் நிற்கிறது.